சைகோனில் ஒரு மாரியம்மன்

தைவானில் ஒரு வார வேலை முடிந்து பினாங்கு திரும்பும் வழியில் சைகோனில் ஒன்பது மணி நேரம் கிடைத்தது. மலிவு டிக்கெட்டின் புண்ணியம். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே விசா தேவையில்லை. விமான நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பையை ஒப்படைத்துவிட்டு கிராப் பைக் ஒன்றில் ஏறினேன். ஏப்ரல் மாதம். பாயான் பாருவிலும் இதே வெயில்தான். ஆனால் காடிக்குள் ஏர்கோன் போட்டுக்கொண்டு பார்க்கிற வெயில் வேறு, நூறு மோட்டார் சைக்கிள் புகைக்கு நடுவில் சிவப்பு விளக்கில் நின்று தலையில் வாங்குகிற வெயில் வேறு.

1976லிருந்து அந்த ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர். வாய்ப்பேச்சில் இன்னமும் சைகோன்தான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தும். 1972ல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிய இண்டெல், 2010ல் சைகோனிலும் ஒன்றைத் திறந்தது. "நம்ம வேலையெல்லாம் ஒருநாள் அங்க போயிடும் தம்பி" என்று கேண்டீனில் மூத்தவர்கள் சொல்லித்தான் எனக்கு அந்த ஊரே அறிமுகம்.

பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தேன். 1880ல் கட்டி முடித்த பெரிய தேவாலயம் பழுதுபார்ப்புச் சாரத்துக்குள் ஒளிந்திருந்தது. பக்கத்தில் 1891ல் கட்டிய தபால் நிலையம். உள்ளே சுவரில் இரண்டு பெரிய வரைபடங்கள். அதில் ஒன்று, 1936ல் தெற்கு வியட்நாமிலும் கம்போடியாவிலும் தந்திக் கம்பிகள் எந்தெந்த வழியில் ஓடின என்று காட்டுகிறது. சர்க்யூட் படமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைவிட்டு நகர மனமில்லை. வெளியே வந்து ஐஸ் போட்ட பால் கோப்பி இரண்டு கிளாஸ் குடித்தேன். பென் தான் சந்தையில் ஒரு கடைக்கார அம்மா "இந்தியா?" என்று கேட்டார். மலேசியா என்றேன். சட்டென்று மலாய்க்கு மாறிவிட்டார். "மாரி, மாரி, மூரா!" ஒரு சட்டையை வாங்க வைத்துவிட்டுத்தான் என்னை விட்டார்.

அந்தச் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் துருவோங் தின் தெரு. 45ஆம் எண். தெருவின் நடுவே, மின்கம்பிகளுக்குப் பின்னால், ஒரு தமிழ்நாட்டுக் கோபுரம்.

மணி ஒன்று. பினாங்கில் இந்நேரம் நடை சாத்தியிருப்பார்கள். இங்கே திறந்திருந்தது. வாசலில் பெண்கள் ஊதுபத்தியும் பூவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நடுவில் மாரியம்மன். ஒரு பக்கம் மதுரை வீரன், மறுபக்கம் பேச்சியம்மன். பேச்சியைப் பார்த்ததும் எனக்கு என்னமோ செய்தது. மாரியம்மன் எங்கேயும் இருப்பாள். பேச்சியும் மதுரை வீரனும் அப்படியில்லை. யாரோ ஒருவர் தன் ஊரை, தன் வீட்டு வழக்கத்தை நினைத்து, இவர்களும் வேண்டும் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும்.

கும்பிட வந்தவர்களில் தமிழர் ஒருவரும் இல்லை. எல்லோரும் வியட்நாமியர், சீனர். ஆபீஸ் உடுப்பில் வந்த ஒரு பெண் கைநிறைய ஊதுபத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு கருவறைக்குப் பின்பக்கம் போய், கல்சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து எதையோ நெடுநேரம் முணுமுணுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அதற்காகவே காத்திருந்தார்கள். சுவரிடம் சொன்னால் அம்மன் கேட்பாள் என்பது அங்கத்து நம்பிக்கை. நாம் நந்தியின் காதில் சொல்வோமே, அதற்குப் பங்காளி மாதிரி.

கோயிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "சுவா பா அன்". "பா" என்றால் பாட்டி, மரியாதைக்குரிய பெரியம்மா. "அன்" என்றால் இந்தியா. அந்த நாட்டில் தாய்த் தெய்வங்களுக்குக் குறைவில்லை. தாய் நின் மலையில் கறுப்பு "பா" ஒருத்தி இருக்கிறாள். மீகோங் வடிநிலத்தில் சௌ டோக்கில் ஒருத்தி. சீனர்களின் கடல் தெய்வம் மாச்சுவும் அந்த வரிசைதான். அதில் நம் மாரியும் ஒருத்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

கட்டியவர்கள் எங்கே? பிரெஞ்சுக்காரர்கள் 1859ல் சைகோனைப் பிடித்த பிறகு தமிழர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் ஆட்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தார்கள். 1881 ஆணைப்படி தங்கள் சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, பெரும்பாலான வியட்நாமியருக்கு இல்லாத ஓட்டுரிமைகூட இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல் தொங் து தெருவில் இன்னும் இருக்கிறது. செட்டியார்கள் நெல்வயல்காரர்களுக்குக் கடன் கொடுக்க வந்தார்கள். ப. சிங்காரத்தைப் படித்தவர்களுக்குப் பினாங்குச் செட்டித்தெருவும் மேடானும் பழக்கமான இடங்கள். அதே வலையின் இன்னொரு முனை சைகோன். பினாங்கில் 1857ல் தண்ணீர்மலையில் கோயில் எழுப்பிய நகரத்தார் சைகோனிலும் தெண்டாயுதபாணிக்கு ஒன்று எழுப்பினார்கள்.

1954ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. 1975ல் போர் முடிந்தது. கடன் கொடுத்தவர், துணி விற்றவர், உத்தியோகம் பார்த்தவர் எல்லோரும் ஏறக்குறைய மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம். பிரதிஷ்டை செய்த அம்மனை எப்படி எடுத்துப் போவது?

என் குடும்பத்தின் கதை இதற்கு நேர்த் தலைகீழ். பாட்டி செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீடுகளுக்கு முன்னால் ஒரு மாரியம்மன் கோயில், பக்கத்தில் இதே மதுரை வீரன். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானது. கோயிலுக்கு மாற்று இடம் என்று பெரிய வடிகால் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். ஒரு லாரியில் சாக்கு விரித்து அம்மனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். பாட்டி லாரிக்குப் பின்னாலேயே நடந்தார். "உக்காந்திருந்தவள படுக்க வச்சிட்டானுங்களே" என்று ஒரு தடவை சொன்னார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. தோட்டத்து ஜனம் தொழிற்சாலை வேலைக்காகத் தீவுக்கு வந்தது. நாங்களும் பாயான் பாரு அடுக்குமாடிக்கு வந்தோம். ஆனாலும் ஆடி மாதம் கூழ் ஊற்ற எல்லோரும் பாலம் தாண்டிப் போகிறார்கள். எங்கள் அம்மனுக்கு ஆள் இருக்கிறது, இடம்தான் போய்விட்டது. சைகோன் அம்மனுக்கு இடம் இருக்கிறது, ஆள் போய்விட்டார்கள்.

ஆள் போய்விட்டார்கள் என்று நான் எழுதிவிட்டேன். அந்தச் சுவரில் நெற்றி வைத்திருந்த பெண் ஆள் இல்லையா? எனக்கு இது சிக்கலான கேள்வி. பினாங்குக்காரர்களுக்கு மற்ற இனத்தவர் நம் சாமியைக் கும்பிடுவது புதிதல்ல. தைப்பூசத்தில் தேருக்கு முன்னால் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆனால் அங்கே பக்கத்தில் நாம் நிற்கிறோம். "நம்ம சாமி, அவங்களும் கும்பிடுறாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு "நம்ம" இருக்கிறது. சைகோனில் அந்த "நம்ம" கழன்று விழுந்துவிட்டது. மாரி என்ற பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. தாலாட்டு, கரகம், கூழ், வேப்பிலை எதுவும் தெரியாது. மகளுக்குக் காய்ச்சல், கடையில் நஷ்டம், பரீட்சை என்று சொல்லிக்கொள்ள ஒரு பாட்டி இருக்கிறாள், அவ்வளவுதான். நம் கிராமத்தில் முதன்முதலாக ஒரு கல்லை நட்டு மாரி என்று கூப்பிட்டவளுக்கும் இதைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது. அதற்காக, கட்டியவர்களை மறந்துவிடலாம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. ஜார்ஜ்டவுனில் 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது. பழைய கடைவீடுகளில் இருந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். 2008ல் அதே தெருக்களுக்கு யுனெஸ்கோ பட்டம் வந்தது. சுவர் பிழைத்தால் போதும் என்று அங்கிருந்து போனவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிளம்பும்போது, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தேன். நம் நிறம், அந்த ஊர்க் கண்கள். "ஐயா, தமிழா?" என்றேன். "வாங்க, வாங்க" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் வியட்நாம் மொழி. அப்பாவைப் பற்றியா, கோயிலைப் பற்றியா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் ஒரு சின்னத் தாளில் திருநீறு மடித்துக் கொடுத்தார். நெற்றியில் வைத்துக்கொண்டு, மறுபடி பைக்கைப் பிடித்து விமான நிலையத்துக்கு ஓடினேன்.

வீட்டில் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். வடிகால் ஓரத்து அம்மனுக்கு வெள்ளிக்கிழமைகளில் சேலை கட்டுவது இப்போது அம்மாதான். சைகோன் கதையையெல்லாம் அவர் பாதிக் காதோடுதான் கேட்டார். படத்தைப் பெரிதாக்கி, பேச்சியம்மன் சேலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு கட்டினா?"

"அங்க உள்ளவங்கதான்மா."

"கொசுவம் நல்லா எடுத்திருக்காங்க" என்றார்.