சுண்டலும் கேரல் இரவும்

செப்டம்பர் நடுவில் என் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் ‘சுண்டல்’. வலப்பக்கம் ‘கிறிஸ்துமஸ்’.

சுண்டல் நாங்கள் தத்தெடுத்த நாய். வேகவைத்த கொண்டைக்கடலையின் நிறம் என்பதால் மகள் வைத்த பெயர். வலப்பக்கத்து வேலை, எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் ஏற்பாட்டுக் குழுவுக்கு இந்த ஆண்டு நான் செயலாளர் என்பதால் வந்தது. “இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமா?” என்று கணவர் கேட்டார். பட்டியல் போட்டால் எல்லாம் முடியும் என்றேன். அலுவலகத்தில் திட்டங்களை நிர்வகிப்பவளின் திமிர் அது.

சுண்டல், இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்லும் கலப்பின நாய். வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களைத்தான் வளர்க்கலாம், அதுவும் வீட்டுக்கு ஒன்று. 2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம்தான் சுண்டல் போன்ற நடுத்தர நாய்களுக்கு அடுக்குமாடி வீடுகளின் கதவைத் திறந்துவிட்டது. 2020ல் எடை வரம்பை நீக்கி, உயர வரம்பை 55 சென்டிமீட்டராக்கினார்கள். சுண்டலின் உயரம் 52. கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், பயிற்சி வகுப்பு என்று வரிசையாக வேலைகள். எனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுவது போல. ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

பட்டியலில் இல்லாதது ஒன்றே ஒன்று. சுண்டலுக்கு எங்களைக் கண்டாலே பயம்.

முதல் வாரம் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும். குடையை விரித்தால் நடுங்கும். மின்தூக்கிக் கதவு திறந்தால் நான்கு கால்களையும் ஊன்றிக்கொள்ளும். காலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கும் ஆறு மாடி படியிறங்கி ஏறினோம். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே போய், நடைபாதையில் அவர்கள் பக்கம் நாய் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் அந்த வீட்டு மக்சிக் தம் வாசலில் நின்றபடியே கேட்டது ஒரே கேள்விதான்: “அது சாப்பிட்டதா?”

தத்துக் கொடுத்த அமைப்பின் தொண்டூழியர் எங்களுக்குத் தைரியம் சொன்னார். “மூன்று நாள் பயம். மூன்று வாரத்தில் பழக்கம். மூன்று மாதம் ஆனால்தான் இது தன் வீடு என்று நம்பும். அதன் எதிரே போய் நிற்காதீர்கள். கண்ணைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வரும்போது வரட்டும்.”

அதன்படி தினமும் இரவில் மேசைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து சபை வேலையைப் பார்த்தேன்.

வலப்பக்கப் பட்டியலில் எனக்கு மிகவும் பெருமையான யோசனை ‘புதியவர் வரவேற்பு’. இந்த ஆண்டு சபைக்குப் புதிதாக வந்தவர்களைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் மேடைக்கு அழைப்பது, பெயரும் ஊரும் சொல்லச் செய்வது, அன்பளிப்புப் பை கொடுப்பது, எல்லாரும் கைதட்டுவது. மைக்கை யார் நீட்டுவது என்பது வரை எழுதிவிட்டேன்.

சுண்டல் வந்த 24ஆம் நாள் இரவு. அன்பளிப்புப் பைக்கு விலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணுக்காலில் ஏதோ ஈரம். சுண்டலின் மூக்கு. நான் அசையவில்லை. மோந்து பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு தாடையை என் காலின்மேல் வைத்துக்கொண்டது. கால் மரத்துப்போனது. எடுக்க மனமில்லாமல் கையிலிருந்த தாளையே திரும்பப் படித்தேன். ‘மேடைக்கு அழைத்தல். மைக். கைதட்டல்.’

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவிலிருந்து மருமகளாக வந்தபோது, முதல் ஞாயிறே என்னை எழுப்பி நிற்க வைத்தார்கள். மைக்கில் என் பெயரைச் சொல்லக்கூடக் குரல் வரவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் கைதட்டினார்கள். ஆனாலும் அடுத்த இரண்டு ஞாயிறும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அத்தை, என் மாமியார், எந்தக் கேள்வியும் கேட்காமல் என்னைச் சபையின் சமையலறைக்குக் கூட்டிப்போனார். ஒரு கூடை பீன்ஸை முன்னால் வைத்துவிட்டு, தாமும் பக்கத்தில் உட்கார்ந்து நார் உரிக்க ஆரம்பித்தார். கூடை காலியாவதற்குள் அங்கிருந்த நான்கு பெண்களின் பெயரும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதை மறந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு மேடை போட்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் என் யோசனையை நானே அடித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் விடவில்லை. “நிற்க வைக்காவிட்டால் வந்தவர் யாரென்று எப்படித் தெரியும்? யாருமே கவனிக்கவில்லை என்று போனவர்களும் இருக்கிறார்கள்.” அதுவும் உண்மைதான். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: மேடை வேண்டாம். ஆராதனைக்குப் பிறகு ஒரு தேநீர் மேசை. வாரம் இரண்டு பேர் முறைவைத்து அங்கே இருக்க வேண்டும். கையில் படிவம் கூடாது, தேநீர்க் குவளை மட்டும். முதல் பெயராக என் பெயரைக் கொடுத்தேன்.

பெரிய சிக்கல் வீட்டில் காத்திருந்தது. டிசம்பர் இரண்டாம் வாரம் கேரல் குழு எங்கள் வீட்டுக்கு வரும் முறை. நாற்பது பேர், கித்தார், தபேலா. மாமனார் மார்ச் மாதம் காலமானார். சென்ற ஆண்டுவரை அந்தக் குழுவில் பாடியவர். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அவர்கள் நின்று பாடுவதைக் கேட்க வேண்டும் என்று அத்தை மாதக்கணக்காகக் காத்திருந்தார். சுண்டலோ அப்போதுதான் வாலாட்டவே தொடங்கியிருந்தது.

நாயை அன்று இரவு மட்டும் வேறெங்காவது விடலாம் என்றார் கணவர். விட்டால் மறுபடி மேசைக்கு அடியில்தான் என்றேன் நான். குரல் உயர்ந்துவிட்டது. அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அறையிலேயே சாப்பிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாய்க்காக ஒரு மனுஷியின் துக்கத்தைத் தள்ளி வைக்கிறேனா?

இரண்டு நாள் கழித்து, குழுத் தலைவருக்கு அத்தையே போன் செய்தார். “தம்பி, எல்லாரும் புளோக் கீழேயே பாடிடுங்க, நான் இறங்கி வர்றேன். அப்புறம் ஆறு பேர் மட்டும் மேல வாங்க. தபேலா வேணாம். அவருக்குப் பிடிச்ச அந்த ஒரு பாட்டு போதும்.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அதுவும் இந்த வீட்டுக்குப் புதுசுதானே.”

கீழ்த்தளத்தில் பாட நகர மன்றத்தின் அனுமதி கேட்டு எழுதும் வேலை வலப்பக்கப் பட்டியலில் சேர்ந்தது.

அன்று கீழே மக்சிக்கின் பேரப்பிள்ளைகளும் நின்று கைதட்டினார்கள். பிறகு ஆறு பேர் மேலே வந்து, நாற்காலியைச் சுற்றி நின்று மெதுவாகப் பாடினார்கள். அத்தை கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டார். சுண்டல் மகனோடு அறையில் இருந்தது. கதவிடுக்கில் மூக்கு மட்டும் தெரிந்தது. அது வெளியே வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

எல்லாரும் போன பிறகு வந்தது. ஆறு பேர் நின்ற இடத்தையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. சிந்திக் கிடந்த முறுக்கைத் தின்றது. மாமனாரின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார், வாலை மிதித்துவிடாமல் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு.

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ‘மின்தூக்கி’ இன்னும் டிக் ஆகவில்லை. ஆறு மாடியும் நடைதான்.

வலப்பக்கத்தில் தேநீர் மேசை நடக்கிறது. கடைசி வரிசையிலிருந்து எழுந்து நேராக வெளியே போய்விடும் ஓர் இளம் தம்பதி, சென்ற ஞாயிறு மேசையருகே வந்து நின்றார்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். “சீனி போதுமா?” என்று மட்டும் கேட்டேன். போதும் என்றார் அந்தப் பெண். குடித்துவிட்டுப் போனார்கள். பெயர் இன்னும் தெரியாது. இந்த ஞாயிறும் மேசையில் என் முறைதான்.