கட்டு இறுகிய இரவு

நமக்கு அப்போது 9 வயது. குறுவை நடவுக் காலம். பாபநாசத்தை அடுத்த நம் ஊரில், குடமுருட்டிக் கரை நாவல் மரத்தில் ஏறினோம். கிளை முறிந்தது, வலக்கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பும் முறிந்தது. அத்தா வயலில் இருந்தார்கள். நன்னிமாதான் கட்டுப்போடும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பைகளை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார்.

அன்றிரவு முறிந்த இடத்தைவிட முன்கையில் வலி மிகுந்தது. எலும்பு கூடும் வலிதான், பொறுத்துக்கொள் என்றனர் உறவினர். நன்னிமா மட்டும் அரிக்கேன் விளக்கை அருகில் பிடித்து நம் விரல்களைப் பார்த்தார்கள். அவை நீலம் பாய்ந்து குளிர்ந்திருந்தன. மெல்ல நீட்டிவிட்டதும் நாம் அலறினோம்.

“கட்டியவரைக் கேளாமல் அவிழ்க்கலாமா?” என்று தடுத்தார் ஒருவர்.

“பிள்ளையின் கை போனபின் யாரைக் கேட்பது?” என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தார்கள் நன்னிமா. அத்தா வாடகைக் கார் பிடித்து, விடியுமுன் நம்மைத் தஞ்சைக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

அந்தக் கத்தரிக்கோலின் மதிப்பைப் பின்னரே அறிந்தோம். அடிபட்ட இடம் வீங்கும். கட்டோ விரிந்து கொடுக்காது. இரத்த ஓட்டம் சுமார் 6 மணி நேரம் தடைப்பட்டாலே தசை மீளாது கெடக்கூடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் இக்கேட்டை விளக்கி எழுதினார். மூங்கில் தப்பைக்கு மட்டுமன்று, இறுகிய மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

தஞ்சையில் போட்ட மாவுக்கட்டு 4 வாரம் இருந்தது. வலக்கையால் உண்ணப் பழக்கப்பட்ட நமக்கு இடக்கையால் உண்ண மனம் ஒப்பவில்லை. நன்னிமாவே வேளைதோறும் சோற்றை உருட்டி ஊட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, முழங்கை மடங்க மறுத்தது. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடலாம் என்றனர் சிலர். மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்தார். முழங்கையை வலிந்து நீவினால் தசைக்குள்ளே எலும்பு வளரக்கூடுமாம். பிள்ளை தானே மடக்கி நீட்டட்டும் என்றார்.

அவ்வாறே செய்தோம். சம்பா நாற்று பச்சைகட்டிய நாளொன்றில் நம் வலக்கை முதன்முதலாக வாயை எட்டியது. நன்னிமா ஒன்றும் பேசாமல் தட்டை நம் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

பின்னர் பள்ளியில் அல்ஜீப்ரா கற்றோம். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்பதிலிருந்து வந்த சொல் அது. முறிந்த எலும்பைப் பொருத்துவதும் அரபியில் ஜப்ர்தான். ஸ்பெயினில் எலும்பு கட்டுபவரையே ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்றழைத்தனர். கணக்கு நமக்கு வசப்படவில்லை. அச்சொல் மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.

இன்றும் கையில் கட்டோடு ஒரு பிள்ளையைக் கண்டால், நலம் கேட்குமுன் அதன் விரல்களைத்தான் தொட்டுப் பார்க்கிறோம்.