பேர் போடாத படம்

ஈப்போவில் நடனம் சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருத்தி கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பி, "இதுதான் தோடி, தெரியுதா?" என்று கேட்டிருந்தாள். காட்டுக்குள் வீணையோடு ஒரு பெண், சுற்றிலும் மான்கள். எனக்குத் தோடி ராகம் என்றால் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட நாதஸ்வரம். வடக்கே பாடும் தோடி வேறு, அது நம் சுபபந்துவராளிக்குப் பக்கம் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும். ராகத்துக்கு உருவம் கொடுக்கும் இந்த ராகமாலை ஓவியங்களை வரைகிறவர்கள் ஜெய்ப்பூரில் இன்னும் இருக்கிறார்கள் என்றாள். இருவரும் கிளம்பிவிட்டோம்.

பழைய நகரத்துச் சந்து ஒன்றில் மாடியறை. பெரியவர் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். ஆறு ராகம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினி, ஆக 36 படம் சேர்ந்தது ஒரு மாலை என்றார். தாள்களை அடுக்கி ஒட்டுவது, வழவழப்பான கல்லால் தேய்ப்பது எல்லாம் காட்டினார். என் கண் தூரிகையிலேயே நின்றது.

அணில் வால் மயிர். நுனியில் நிற்பது ஒற்றை இழைதான். சிப்பியில் இருந்த கறுப்பைத் தொட்டு, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு மானின் இமைக்குப் போனார். மூச்சை அடக்கிக்கொண்டார். நானும் அடக்கிக்கொண்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பா பால் வெட்டியதும் இப்படித்தான். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் உளி பட்டையை மட்டும் சீவ வேண்டும். இழையளவு ஆழம் போனாலும் மரத்தில் காயம், அப்பாவுக்கு ஏச்சு. இன்று அங்கே செம்பனை நிற்கிறது.

சுவரில் மேகராகம். கருமேகத்தின் கீழே கண்ணன் ஆடுகிறான், பெண்கள் மத்தளம் கொட்டுகிறார்கள். காய்ந்த பூமிக்கு மழை கொண்டாட்டம். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் விடிகாலையில் தகரக் கூரை சடசடத்தால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் என்றால் எங்களுக்கு ஒருநாள் கூலி.

"இதுல உங்க பேர் எங்கே?" என்று கேட்டேன். தோழி இந்தியில் சொன்னாள்.

"கடைக்காரர் போடவிட மாட்டார். பேர் இருந்தால் வாங்குகிறவர் நேரே என்னிடம் வந்துவிடுவாரே!"

1591இல் சுனாரில் வரைந்த ராகமாலையில் மூன்று ஓவியர்களின் பெயரோடு அவர்கள் ஆசான்களின் பெயரும் இருக்கிறது. 1605இல் மேவாரின் சாவண்டில் வரைந்ததில் ஓவியர் நசிருத்தீன் பெயர் இருக்கிறது. அன்று எழுத முடிந்த பெயரை இன்று ஒரு கடை மறைக்கிறது. தாத்தா காலத்தில் தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணி ஆள் கணக்கில் தலைக்காசு வாங்கினார். இந்தக் கடைக்காரர்கள் ஆளையே மறைத்துவிட்டு முழுக் காசையும் வாங்குகிறார்கள். விலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தன் கைக்கு வருவதில்லை என்றார் பெரியவர். கண் பார்வையைக் கொடுத்து வரைந்தவருக்கு இதுதான் கூலி என்றால் அது திருட்டு. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மேகராகத்தை அவரிடமே வாங்கினேன். பெயரை எழுதித் தரக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பிப் போட்டு, தூரிகையை நகத்தில் சோதித்துவிட்டு மூலையில் எழுதினார். கண்ணாடி போட்டால்தான் தெரியும், அவ்வளவு சின்ன எழுத்து.

தேதியும் போடச் சொன்னேன்.