டீச்சர் பயிற்சிக்குப் போன நாட்களில்

என் பதவியின் பெயரிலும் ‘உதவி’ இருக்கிறது. உதவிப் பேராசிரியர். கல்லூரியில் அது ஏணியின் முதல் படி. மேலே இணைப் பேராசிரியர், அதற்கும் மேலே பேராசிரியர். இடையில் புத்தொளிப் பயிற்சிக்குப் போனால் அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு, வாங்கிவரும் சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவும். என் மதினியின் பதவிப் பெயரிலும் அதே சொல்தான்: அங்கன்வாடி உதவியாளர். பத்தொன்பது வருடங்களாக அவர் அந்த முதல் படியிலேயே நிற்கிறார். ஊரில் அந்தப் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. பால்வாடி ஆயா, அவ்வளவுதான்.

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆய் என்றால் தாய், பழைய சொல். வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ‘ஆயா’ போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவள். இரண்டும் ஒரே ஒலியில் கலந்துபோயின. தாய்க்குப் பயிற்சி எதற்கு? வேலைக்காரிக்குப் பதவி உயர்வு எதற்கு? இரண்டு கேள்வியையும் ஒரே சொல்லால் முடித்துவிடலாம்.

மதினியின் மையம் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் பிரியும் ஒரு கரிசல் கிராமத்தில் இருக்கிறது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம்தான். அங்கன்வாடிகள் வந்தது பிறகு, 1975இல். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. இந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு. அண்ணன் இறந்த பிறகு மதினிக்கும் அப்படித்தான் கிடைத்தது. அந்த வேலை இல்லையென்றால் அவர் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போயிருப்பார். ஆனால், கஷ்டப்படுகிறவளுக்குக் கொடுத்த ஆதரவு என்றே ஊரும் அரசும் நினைத்துப் பழகியதில், அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்பது மறந்துபோயிற்று.

தொழில்தான் அது. சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவது, கால் கழுவிவிடுவது எல்லாம் உதவியாளரின் வேலைப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாததைச் சொல்கிறேன். பருத்திக்கொட்டையையும் உளுந்தையும் சோளத்தையும் ஒரு முறத்தில் கலந்து கொட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வார் மதினி. விரலுக்கும் கண்ணுக்கும் எண்ணுக்கும் சேர்த்துப் பாடம். ஒருமுறை, மூன்று வயதாகியும் பேச்சு வராத ஒரு பையனை, “சோம்பேறி, மெதுவாப் பேசுவான்” என்று வீட்டில் விட்டுவைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மதினி கரண்டியால் தட்டைத் தட்டியதும் எல்லாத் தலையும் திரும்பின, அவன் தலை திரும்பவில்லை. மறுநாளும் தட்டிப் பார்த்தார். அதன் பிறகு தாயை விடாமல் நச்சரித்து கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காது கேட்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் மதினி பெயரில் இது ஏறவில்லை. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியிலும் விவரங்களை ஏற்றுகிறவர் டீச்சர்தான்.

பயிற்சிக்குப் போகிறவரும் டீச்சர்தான். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் சுமப்பதும் அதிகம், வாங்குவதும் குறைவு. ஆனால் மதினி ஒருநாள் கேட்டார்: “டீச்சர் பயிற்சிக்குப் போற அன்னைக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்றது, கதை சொல்றது, சோறு போடுறது எல்லாம் நான். அப்ப அன்னைக்கு டீச்சர் யாரும்மா?”

பயிற்சி பெறாத ஒருத்தி மையத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் இன்னொருத்தி பயிற்சிக்குப் போக முடிகிறது. மதினிக்கு நாளைக்கே ஒரு பயிற்சி அறிவித்தால் அவர் இடத்தில் நிற்க அவருக்குக் கீழே யாரும் இல்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு சண்டை. எனக்குக் கண்ணில் படுவது, அங்கேயும் பேச்சு பணியாளரைப் பற்றியது என்பதே. 2019இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது வகுப்பெடுக்க வெளியிலிருந்து ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள்.

ஏணியே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைப்படி பணியாளர் இடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும், மற்றத் தகுதிகள் இருந்தால். அந்த ‘மற்றத் தகுதி’யில்தான் பன்னிரண்டாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. மதினி எட்டாவது. சேர்ந்த காலத்தில் அது போதும் என்றார்கள். 2025இல் தமிழ்நாட்டில் ஆள் எடுத்தபோது பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. இரண்டு படிகளுக்கும் இடையே இருப்பது 3,600 ரூபாயும் நான்கு வகுப்பும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது மதினி சந்தோஷப்பட்டார். பிறகு, “அது வீட்டுக்குப் போகும்போது குடுக்கிறதுல்லா?” என்றார்.

இங்கிலாந்தில் வகுப்பு உதவியாளர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ‘மேல்நிலை உதவியாளர்’ என்றொரு தகுதியைக் கொண்டுவந்தார்கள். மதிப்பிடுகிறவர், உதவியாளர் செய்கிற வேலையை வைத்து எடைபோடுவார். அங்கும் மொழியிலும் கணக்கிலும் அடிப்படைத் தேர்ச்சி கேட்கிறார்கள், தகுதி பெற்றவருக்கெல்லாம் பதவி கிடைத்துவிடுவதுமில்லை. இருந்தாலும் யாரோ ஒருவர் அந்த வேலையைக் கணக்கில் எடுக்கிறார் இல்லையா? பருத்திக்கொட்டை முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குறிப்பெடுக்க இங்கே ஒருவர் வந்தால் எதையெல்லாம் எழுத வேண்டியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

மதினிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகிறார். அதன் பிறகு பன்னிரண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஐம்பதாகிவிடும். தமிழுக்கு நான் இருக்கிறேன், இலக்கணத்தில் என்னை மடக்குகிறார். கணக்குதான் உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருக் கல்லூரிப் பெண் வந்து சொல்லித் தருகிறாள்.

பரீட்சை ஐந்து நாள், எல்லாம் வேலை நாட்கள். அன்றைக்கெல்லாம் யார் சமைப்பது, யார் பிள்ளைகளைக் கூட்டிவருவது என்று மதினியும் டீச்சரும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையை மையத்துக்கு அனுப்புகிற ஒரு தாய், தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் அந்த ஐந்து நாள் கூலி அவளுக்குப் போய்விடும்.