யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம்?

ஆடிட்டர் ஆபீஸோ, பள்ளி அலுவலகமோ, எங்கே நெட்வொர்க் ஸ்டோரேஜ் வைக்கப் போனாலும் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை டெராபைட் போடலாம்?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவேன். "இங்க என்னென்ன வேலை நடக்குதுன்னு எழுதிக் கொடுங்க சார்." ஆட்களின் பெயர்களை எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கணக்கு, சம்பளம், வரி, நிர்வாகம் என்று பொறுப்புகளாக வேண்டும். பொறுப்புக்கு ஒரு குரூப்; உரிமை குரூப்புக்கு மட்டும்.

ஆடிட்டர் ஆபீஸில் இதன் அருமை சீக்கிரம் புரியும். ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிப் பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். ஆள் பெயரில் ஃபோல்டர் ஃபோல்டராக உரிமை கொடுத்து வைத்தால், ஒருவர் விலகும் நாளில் அவர் பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று துழாவ வேண்டியதுதான். குரூப் இருந்தால் ஒரே இடத்தில் எடுத்தால் போதும். (எடுத்த கையோடு அவருடைய கனெக்‌ஷனையும் துண்டித்துவிடுங்கள். ஏற்கெனவே லாகின் செய்திருப்பவருக்கு அந்த செஷன் முடியும்வரை பழைய உரிமை ஓடிக்கொண்டிருக்கும்.)

லினக்ஸில் ஓடும் ஸ்டோரேஜ் பெட்டிகளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு பேசும் வேலையைப் பெரும்பாலும் சாம்பா பார்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. இதில் ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு) ஓர் அனுமதி, டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கு இன்னோர் அனுமதி. வாசல் கதவும் அறைக் கதவும் போல, இரண்டும் திறந்திருந்தால்தான் உள்ளே போகலாம். "ஷேர்ல எழுதலாம்னு போட்டிருக்கே, ஏன் சேவ் ஆகலை?" என்று வரும் போன்களில் பாதி இந்த இரண்டாவது கதவைப் பற்றியவை.

புதியவர்கள் திகைப்பது அழிக்கும் உரிமையில். லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் எழுதும் உரிமை தேவையே இல்லை. அது இருக்கும் ஃபோல்டரில் நுழையவும் எழுதவும் உரிமை இருந்தால் போதும். அடுத்தவர் உருவாக்கிய, நீங்கள் படிக்க மட்டுமே முடிகிற ஃபைலையும் தூக்கிப் போட்டுவிடலாம். பொது ஃபோல்டரில் ஸ்டிக்கி பிட் என்ற அமைப்பை வைத்தால், ஃபைலின் சொந்தக்காரர், ஃபோல்டரின் சொந்தக்காரர், அட்மின் தவிர வேறு யாரும் அதை அழிக்க முடியாது. அதைப் போடாமல் பொது ஃபோல்டரை யாருக்கும் நான் ஒப்படைப்பதில்லை.

இன்னொன்று, நகர்த்துவதும் காப்பி செய்வதும். குரூப் ஃபோல்டருக்கு 2770 என்று உரிமை வைத்தால், முன்னால் நிற்கும் அந்த 2, அதற்குள் புதிதாகப் பிறக்கும் ஃபைல்களுக்கு ஃபோல்டரின் குரூப்பையே கொடுக்கும். ஆனால் அதே டிஸ்க் பகுதியின் வேறொரு ஃபோல்டரிலிருந்து நகர்த்தி வந்த ஃபைல் பழைய குரூப்போடுதான் வந்து உட்காரும். பக்கத்து மேஜைக்காரரால் திறக்க முடியாமல் போகலாம்; குற்றம் சர்வர் மேல் விழும். அதனால் துறைக்கு ஒரு ஷேர் என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவது என் வழக்கம். ஷேர் விட்டு ஷேர் போகும் ஃபைலை விண்டோஸ் அங்கே புதிதாக எழுதுவதால் உரிமையும் புதிதாகவே அமையும்.

உரிமையால் தீராத இடமும் உண்டு. டேலி கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரில் வேலை செய்கிறவருக்கு எழுதும் உரிமை தந்தே ஆகவேண்டும். தந்துவிட்டால் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து அதே ஃபோல்டரை அவர் காப்பி எடுக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அவர் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால் அதுவும் அவருடைய உரிமையோடுதான் எழுதும். அழிந்ததை மீட்க மருந்து ஸ்னாப்ஷாட்டும் தனியே எடுத்து வைக்கிற பேக்கப்பும்தான். பர்மிஷனை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

எந்தக் குரூப்பில் யார் இருக்கிறார், எந்த ஷேர் யாருக்குத் திறந்திருக்கிறது என்ற பட்டியலை உங்கள் சர்வரை அமைத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.