புகை என்ன கலரு?

லாரி இழுக்கலைன்னா உடனே 'பம்பை இறக்கு'ன்னு சொல்றது ஒரு வியாதியாவே ஆயிடுச்சு. சித்தப்பா வண்டிக்கும் அதேதான் சொன்னாங்க. லோடோட தொப்பூர் ஏத்தத்துல திணறல், பின்னாடி ஒரே கரும்புகை. டியூ கட்டவே நாக்கு தள்ளுது, இதுல பம்ப் வேலையா?

நாமக்கல்ல வேறொரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர் ஸ்பேனரையே தொடலை. "புகை என்ன கலரு?"ன்னார். (ஆபீஸ்ல பக் வந்தா எத்தனை பேருங்க முதல்ல லாகைத் திறக்கிறாங்க?!)

டீசல் வரத்து கம்மின்னா இழுவை போகும், ஆனா பெரும்பாலும் கரும்புகை வராது. கரும்புகைன்னா டீசல் வருது, எரிக்கக் காத்து பத்தலை. இல்லேன்னா இன்ஜெக்டர் ஒழுகுது. நீலம்னா ஆயில் எரியுது.

ஏர் ஃபில்டர் சுத்தம். டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸைக் கழட்டி, ரெண்டு பக்கமும் அடைச்சு, கம்ப்ரஸர் காத்து விட்டு சோப்புத் தண்ணி ஊத்தினார். கிளாம்ப் பக்கத்துல வெடிப்பு, நுரையா பொங்குது! சும்மா நிக்கிறப்போ தெரியாதாம். மேட்டுல டர்போ காத்தை அமுக்குறப்போதான் வாய் பிளக்குமாம்.

ஹோஸும் கிளாம்ப்பும் மாத்தினதோட சரி. பழைய பட்டறைக்காரர் 'பம்ப் எப்போ இறக்கலாம்'னு இன்னும் போன் பண்றாராம். சித்தப்பா எடுக்கறதில்ல :)