கார் ரேடியோவும் கறுப்பு ஒயரும்

எங்கள் காரில் உள்ள ரேடியோப் பெட்டி மூன்று மாதமாகத் தானாக அணைவதும் தானாக எழுவதுமாக இருந்தது. பழைய சின்னக் கார், பெட்டியும் பழசுதான். அது பாடாவிட்டால் எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் என் மனைவியை டயாலிசிஸுக்கு மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். அலங்காநல்லூரில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குக் கொடைக்கானல் பண்பலை, 100.5, போட்டாக வேண்டும். பாட்டு ஓடினால் ஊசியைப் பற்றிய பேச்சே வராது. குமாரம் தாண்டும்போது பெட்டி அணைந்தால், "என்னங்க, இன்னைக்கும் நாலு மணி நேரம் படுக்கணுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

மதுரையில் ஒரு கடைக்காரர் பெட்டியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "செட்டு போயிருச்சு சார், புதுசு மாட்டிருங்க, ஐயாயிரம் ஆகும்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்பு எழுதியவன் நான். குறிப்பு இல்லாமல் உத்தரவு போட எனக்கு வராது. ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். எந்த இடத்தில் அணைந்தது, எஞ்சின் ஓடியதா, சத்தம் எவ்வளவு, மறுபடி வந்தபோது கடிகாரம் என்ன காட்டியது. பத்துப் பயணம் எழுதினேன். பெரும்பாலும் வேகத்தடையில்தான் அணைந்தது. ஆனால் விஷயம் கடைசிக் கட்டத்தில் இருந்தது: ஒவ்வொரு முறையும் கடிகாரம் 12:00க்குத் திரும்பியிருந்தது. பதிந்து வைத்த 100.5உம் அழிந்திருந்தது.

கடையில் வாங்கிப் பொருத்தும் பெட்டிகளில் பொதுவாக மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரும். சாவியை எடுத்தாலும் அதில் 12 வோல்ட் இருக்கும். கடிகாரமும் நிலையங்களின் ஞாபகமும் அதில்தான் பிழைத்திருக்கின்றன. சிவப்பு ஒயரில் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம். கறுப்பு, எர்த். சிவப்பில் கோளாறு என்றால் பாட்டு நிற்கும், கடிகாரம் நிற்காது. இங்கே இரண்டும் போகிறதே! ஆகவே சிவப்பை விட்டுவிடலாம். மஞ்சள் அல்லது கறுப்பு.

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே கார் பேட்டரியின் இந்தத் திரும்பு வழிக்கு 'மாஸ்' என்று பெயர். வண்டியின் இரும்பு உடம்பு என்று பொருள். ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கு ஏது பூமி? ஆங்கிலக்காரன் எப்படியோ 'எர்த்' என்று சொல்லிவிட்டுப் போனான், நாமும் சொல்கிறோம். 'லூஸ் காண்டாக்ட்'டுக்கு அவர்கள் சொல்வது 'ஃபோ கொந்தாக்த்', பொய்த் தொடர்பு. அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், தொட்டிருக்காது.

எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். நோட்டைக் காட்டினேன். பெட்டியைக் கழற்றித் தன் வீட்டு மேசையில் தனி பேட்டரி கொடுத்து ஓடவிட்டார். இரண்டு மணி நேரம் நிற்காமல் பாடியது. "செட்டு கல்லு மாதிரி இருக்கு சார். வண்டியிலதான் வில்லங்கம்" என்றார். காரில் மறுபடி மாட்டினார். சின்ன 12 வோல்ட் பல்பின் ஒரு முனையை மஞ்சளிலும் மறு முனையை வண்டியின் இரும்பிலும் வைத்தார். டேஷ்போர்டைத் தட்டினார், குத்தினார். பல்பு இமைக்கவில்லை. மஞ்சள் நல்லது.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பெட்டியின் பின்னாலிருந்து ஆண்டெனா ஒயரை உருவினார். பாட்டு நிற்கும், சரி. ஆனால் விளக்கும் சேர்ந்து அணைந்துவிட்டது! ஆண்டெனா போனால் நிலையம்தானே போக வேண்டும்? கறுப்பு ஒயர் செத்துக் கிடக்க, பெட்டி இத்தனை நாளும் ஆண்டெனா ஒயரைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிவலை வழியாக எர்த் எடுத்து உயிரோடு இருந்திருக்கிறது. அந்த முனை ஆடும்போதெல்லாம் பெட்டி செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது.

கறுப்பு ஒயரை யாரோ பெயின்ட் அடித்த தகட்டில் திருகியிருந்தார்கள், அடியில் துரு. பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளத்ததும் பல் வாஷர் வைத்து முறுக்கினார். ஆண்டெனாவை உருவிப் பார்த்தோம். விளக்கு எரிந்தது.

அடுத்த பயணத்தில் சிக்கந்தர் சாவடி வரை மனைவி வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகும் பேசியது பாட்டைப் பற்றித்தான், பாடியது யார் என்று.

மைக் செட் தம்பி பணம் வாங்க மறுத்துவிட்டார். பட்டா உட்பிரிவுக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கத்தில், சர்வே எண்ணோடு, எழுதிக் கொடுத்திருக்கிறேன்.